பேரேடு யார் கையில்?

நோட்டன் பிரிட்ஜ் மின்சாரத்தின் ஊர். கெஹெல்கமு ஓயாவின் நீரை இங்கே தேக்கி, மலைச்சரிவின் வழியே இறக்கி, லக்சபானையில் சுழலிகளைச் சுழலவைத்த திட்டத்தின் முதற்கட்டம் 1950ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 1965இல், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக்கொண்டு இயங்கும் மின்நிலையம் ஒன்று இவ்வூரிலேயே எழுந்தது. இலங்கை நீர்மின் திட்டத்தின் முன்னோடியான பொறியியலாளர் விமலசுரேந்திராவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அங்கே பிறந்த மின்சாரம் கம்பியேறிக் கொழும்புக்குச் சென்றது. அக்கம்பிகளுக்குக் கீழே, தேயிலைச் சரிவுகளில் வரிசையாக நின்ற லயங்களில், மண்ணெண்ணெய் விளக்குகள் பின்னும் பல்லாண்டுகள் புகைந்துகொண்டிருந்தன.

இன்று லயத்திலும் மின்விளக்கு எரிகிறது. லயத்து இளைஞனின் கையில் தொலைபேசி இருக்கிறது. அத்தொலைபேசியின் வழியாக வந்த ஒரு துயரமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

நம்மிடம் படித்து, உயர்தரத்தை முடித்துவிட்டுக் கொழும்பில் கடையொன்றில் வேலைக்கமர்ந்த இளைஞன் ஒருவன், தன் சேமிப்பையும், தாயார் தோட்டை அடகுவைத்துக் கொடுத்த பணத்தையும் சேர்த்து, 'கிரிப்டோ' என்று சொல்லப்பட்ட ஒன்றில் இட்டான். தொலைபேசித் திரையில் அத்தொகை நாள்தோறும் வளர்ந்தது. ஒருநாட் காலையில் செயலி திறக்கவில்லை. முறையிடச் சென்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரைக் கேட்டார்கள், முகவரியைக் கேட்டார்கள், பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். மூன்றுக்கும் அவனிடம் விடை இல்லை. திரும்பி வந்தவன் நம்மைப் பார்த்து ஒன்று கேட்டான்: "அது காசே இல்லையாம் சேர். அப்போ நான் எதைத் தொலைச்சேன்?"

இக்கேள்வி எளிதாகத் தள்ளிவிடக்கூடியதன்று. உலகின் நீதிமன்றங்களும் மத்திய வங்கிகளும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இதனையே வேறு சொற்களிற் கேட்டுக்கொண்டிருக்கின்றன. மறைகுறி நாணயம் எனத் தமிழில் வழங்கலாகும் இப்பொருள் பணமா, பண்டமா, சொத்தா, சூதா? யானையைத் தடவிப் பார்த்த குருடர்களைப் போல ஒவ்வொரு நாட்டின் சட்டமும் ஒவ்வொரு விடையைச் சொல்கிறது. ஆனால் மலையகத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இக்கேள்வி புதியதன்று. அரசு வெளியிடாத பணமும், சட்டம் பெயரிடாத கடன்சீட்டும், பிறர் கையிலிருந்த கணக்கேடும் நம் முன்னோரின் வாழ்வை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆட்டிப்படைத்தன. அந்த வரலாற்றின் வெளிச்சத்தில் இன்றைய சிக்கலை நோக்கினால், 'அது பணமா?' என்ற கேள்வியைக் காட்டிலும் அடிப்படையான வேறொரு கேள்வி உண்டென்பது புலனாகும்.

பணத்தின் இயல்பிலிருந்து தொடங்குவோம். உலோகத்தைத் தொட்டு அதுவே பணம் என எண்ணுவது பாமர மயக்கம் மட்டுமன்று. பொருளியற் பண்டிதர் பலரும் அம்மயக்கத்துக்கு ஆட்பட்டிருந்தனர். பண்டத்தின் பின்னே மறைந்து நிற்பது மனிதருக்கிடையேயான சமூக உறவு என்பதைக் கார்ல் மாக்ஸ் 1867இல் வெளிவந்த தமது 'மூலதனம்' முதல் தொகுதியில் விளக்கினார். ஒருவரது உழைப்பின்மேல் மற்றொருவருக்கு உள்ள உரிமையின் குறியே பணம். குறி செம்பில் இருக்கலாம், தாளில் இருக்கலாம், ஏட்டில் இருக்கலாம், மின்பொறியில் இருக்கலாம். அதை எழுதுபவர் யார், திருத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பாளி என்பவையே உயிரான வினாக்கள்.

தோட்டத் தொழிலாளிக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. காலையிற் பிரட்டுக்களத்தில் நிற்பவருக்கு அன்றைய உழைப்பு 'பேர்' என்ற சொல்லால் வழங்குகிறது. கொழுந்தின் நிறை குறித்த அளவை எட்டினால் முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். செக்ரோலில் பேர் விழுந்தால் அன்று சம்பளம் உண்டு. விழாவிட்டால் மலையேறி இறங்கிய உழைப்பும் உழைப்பாகாது. பேரை எழுதும் ஏட்டைத் தமிழ் 'பேரேடு' என்கிறது. பேரேட்டின் எழுதுகோல் எக்காலத்தும் தொழிலாளியின் கையில் இருந்ததில்லை.

கோப்பிக் காலத்தை நோக்குவோம். 1831ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவில், பல தொழில்களில் கூலியை வில்லையாகவோ பண்டமாகவோ கொடாமல் நாணயமாகவே கொடுக்கவேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. முதலாளி தானே அச்சடித்த வில்லையைக் கொடுத்து, தன் கடையிலேயே அதை மாற்றச் செய்து, கூலியை இருமுறை சுரண்டிய கொடுமைக்கு எதிராக ஆங்கிலத் தொழிலாளர் போராடியதன் விளைவு அது. அச்சட்டம் கடல்கடந்து வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், 1843ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்று, கொழும்பு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் பெயரும் அதன் வேகந்த ஆலையின் பெயரும் தாங்கிய வில்லைகள் இந்நாட்டில் வழங்கின. வேறு கோப்பி ஆலைகளும் இவ்வாறே தத்தம் பெயரில் வில்லைகளை வெளியிட்டன. நாணயச் சேகரிப்பாளர் இன்று அவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்து வியக்கின்றனர். அவ்வில்லைகள் பணமா? அரசின் முத்திரை அவற்றில் இல்லை. ஆயினும் ஆலையில் உழைத்தவரின் பசி அவற்றாலேயே தீரவேண்டியிருந்தது. வில்லையை வெளியிட்டவன் மாற்றித் தர மறுத்தால் அது வெறும் உலோகம்.

வில்லையினும் நுட்பமான கருவி ஒன்று தோட்டங்களில் வளர்ந்தது. அதன் பெயர் 'துண்டு'. தமிழகத்திலிருந்து புறப்படும்போதே தொழிலாளியின் தலையில் கடன் ஏறிவிடும்: வழிச்செலவு, முன்பணம், சோற்றுச் செலவு. கங்காணியின் கணக்கில் அக்கடன் வளர்ந்துகொண்டே போகும். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குச் செல்லவேண்டுமாயின், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கையொப்பமிடுவார். புதிய தோட்டத்துத் துரை அத்தொகையைக் கொடுத்துத் துண்டை மீட்பார். கடன் தீராது, இடம் மாறும், இடம் மாறும்போது பெருக்கும். துண்டு கைமாறக் கைமாற, தொழிலாளரும் அதனுடன் கைமாறினர்.

இத்துண்டின் சட்டநிலை யாது? அதை எந்தச் சட்டமும் உண்டாக்கவில்லை. தோட்டத்துரைமாருக்கும் கங்காணிமாருக்கும் இடையே வழக்காறாக வளர்ந்த ஏற்பாடு அது. நெடுங்காலம் சட்டம் அதனை ஆக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. ஆனால் முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளியைச் சிறைக்கனுப்ப 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆயத்தமாக இருந்தது. கடன்சீட்டைப் பற்றிச் சட்டம் மௌனம் சாதித்தது. கடனாளி ஓடினால் மட்டும் அதற்கு வாய் வந்தது. சட்டத்தின் மௌனம் நடுநிலை ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

துண்டு முறை ஒழிந்தது 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால். அது தானாகக் கனிந்து விழுந்த கனியன்று. இந்தியாவில் ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிராக எழுந்த கொந்தளிப்பும், இந்திய அரசின் நெருக்குதலும், இலங்கையில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் நடத்திய இயக்கமும் அதற்குக் காரணமாயின. 1919இல் அருணாசலம் நிறுவிய இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் தொழிற்சட்டத்தின் சிறைத்தண்டனைப் பிரிவுகளை எதிர்த்துக் குரலெழுப்பியது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் வந்தது. 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். கணக்கேட்டை நோக்கித் தொழிலாளியின் விரல் நீளத் தொடங்கியது அதன் பின்னரே.

இதே தீவில், இதே காலப்பகுதிக்குள், சட்டம் எத்துணை விரைவாக இயங்கவல்லது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். கோப்பியை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த வேளையில், 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி கதவடைத்தது. அன்று இலங்கையில் வழங்கிய தாள்நாணயம் அரசு வெளியிட்டதன்று. தனியார் வங்கி வெளியிட்டது. வங்கி வீழ்ந்ததும் மக்கள் கையிலிருந்த தாள் வெறுந்தாளாகும் நிலை வந்தது. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் காலந் தாழ்த்தாது அத்தாள்களுக்கு அரசின் உத்தரவாதத்தை அளித்தார். அதே ஆண்டில் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பெற்று, தாள்நாணயத்தை வெளியிடும் பொறுப்பை அரசே ஏற்றது. இச்செயலால் சிறியோரும் காக்கப்பட்டனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓர் ஒப்பீடு நம் மனத்தை உறுத்துகிறது. வணிகரும் தோட்ட முதலாளிகளும் வைத்திருந்த தாளைக் காப்பதற்குச் சட்டத்துக்கு ஓராண்டு போதுமாயிருந்தது. தொழிலாளியின் கழுத்தில் தொங்கிய துண்டை அறுக்க அதன்பின்னும் 37 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு மறைகுறி நாணயத்தை நோக்குவோம். 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், உலகப் பெருவங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளாடிக்கொண்டிருந்த வேளையில், சதோஷி நக்கமோட்டோ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. வங்கி என்ற இடைத்தரகன் இன்றியே ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்பும் முறை அதில் விவரிக்கப்பட்டிருந்தது. 2009 ஜனவரியில் அம்முறை இயங்கத் தொடங்கியது. அதுவே பிட்கொயின். அதனைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான நாணயங்கள் பின்னர் தோன்றின.

அதன் தொழில்நுட்பத்தை நமது செக்ரோலைக்கொண்டே விளக்கலாம். ஒரு தோட்டத்தின் செக்ரோல் அலுவலகத்தில் ஒரே படியாக இராமல், ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு படி இருப்பதாகக் கொள்வோம். ஒரு பேர் விழுந்தால் எல்லாப் படிகளிலும் விழும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்திய பக்கம் முழுவதையும் சுருக்கிய ஓர் அடையாளக்குறி இருக்கும். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அக்குறி மாறும், அடுத்த பக்கத்தோடு பொருந்தாது, பொய் அம்பலமாகும். இந்தச் சங்கிலித் தொடர்ப் பேரேட்டையே பிளாக்செயின் என்கின்றனர். ஒருவர் தம் கணக்கிலிருந்து நாணயத்தைக் கொடுக்க வேண்டுமாயின், அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு மறைதிறவால் கையொப்பமிட வேண்டும். திறவு தொலைந்தால் நாணயமும் தொலைந்தது. திறவு களவுபோனால், களவாடியவனே பேரேட்டின் கண்ணுக்கு உரியவன். நடந்ததை மாற்றி எழுத யாராலும் இயலாது.

புதிய பக்கத்தை எழுதும் உரிமை எவருக்கு? கணினிகள் ஒரு கடினமான எண்புதிரை விடுவிக்கப் போட்டியிடுகின்றன. வென்ற கணினியின் உடைமையாளன் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் வீதம் எழுதுகிறான். ஊதியமாகப் புதிய பிட்கொயின்களைப் பெறுகிறான். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு 50 ஆக இருந்த இவ்வூதியம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. 2024 ஏப்ரலில் அது 3.125 ஆயிற்று. மொத்தத்தில் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் பிட்கொயின்கள் உண்டாகமாட்டா.

போட்டிக்குத் தேவைப்படுவது மின்சாரம். இங்கேதான் நோட்டன் பிரிட்ஜ் நம் நினைவுக்கு வருகிறது. விமலசுரேந்திரா நிலையத்தின் ஆற்றல் 50 மெகாவாற்று. ஓராண்டு முழுவதும் ஒரு கணமும் நில்லாமல் அது முழு ஆற்றலோடு இயங்கினால் ஏறத்தாழ 44 கோடி அலகு மின்சாரம் கிடைக்கும். பிட்கொயின் பேரேட்டை எழுதுவதற்கு மட்டும் உலகில் ஆண்டுதோறும் 10,000 கோடி அலகுக்கு மேல் செலவாவதாக ஆய்வாளர் கணிக்கின்றனர். நோட்டன் பிரிட்ஜில் உள்ளதைப்போல் 200க்கு மேற்பட்ட நிலையங்கள் ஓயாது சுழன்றாலன்றி இது கிட்டாது. இலங்கை முழுவதும் ஓராண்டில் 2,000 கோடி அலகைக்கூடப் பயன்படுத்துவதில்லை. ஊகவணிகர் கணக்கெழுதுவதற்கு ஆறுகளும் நிலக்கரியும் உலகெங்கும் எரிபொருளாகின்றன. எல்லா நாணயங்களும் இம்முறையைப் பின்பற்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இதிரியம் என்ற நாணயம் 2022 செப்டெம்பரில் இப்போட்டி முறையைக் கைவிட்டு மின்செலவைப் பெரிதும் குறைத்துக்கொண்டது.

இத்தொழில்நுட்பத்தில் ஒரு கவர்ச்சி உண்டு. பேரேடு எல்லோர் கையிலும் இருக்கிறது. துரையும் இல்லை, கங்காணியும் இல்லை என்ற சொல் நம்மைப் போன்றோர் காதில் இனிமையாக ஒலிக்கிறது. அதன் கணித நுட்பத்தைப் போற்றவே வேண்டும். ஆயினும் நடைமுறை வேறாயிற்று. மறைதிறவைத் தாமே காத்துக்கொள்ள அஞ்சும் மக்கள் பரிமாற்றகம் எனப்படும் கம்பெனிகளிடம் நாணயத்தை ஒப்படைக்கின்றனர். அங்கே வாடிக்கையாளன் தன் திரையிற் காண்பது பிளாக்செயினை அன்று. கம்பெனியின் சொந்தப் பேரேட்டை. துரை போனார், கங்காணி போனார். கணக்கப்பிள்ளை மட்டும் முகமூடி அணிந்து மீண்டு வந்தார். நம் இளைஞன் ஏமாந்த செயலியில் அதுவும் இல்லை: நாணயமும் இல்லை, பிளாக்செயினும் இல்லை, வளரும் எண்களைக் காட்டிய திரை ஒன்றே இருந்தது. உண்மைப் பொருளின் புகழை வைத்துப் போலி பிழைக்கிறது. இரண்டையும் பிரித்தறியச் சட்டம் துணைசெய்யாத இடத்தில் போலிக்கே ஆதாயம் மிகுதி.

சட்டம் என்ன செய்தது? சட்டம் இயங்குவதற்குப் பிடி வேண்டும்: ஓர் ஆள், ஓர் இடம், ஒரு பொருள். பிட்கொயினை வெளியிட்டவர் என்று எவருமில்லை. அதன் பேரேட்டுக்கு முகவரி இல்லை. நீதிபதி ஆணையிட்டாலும் முடிந்துபோன கொடுக்கல் வாங்கலைத் திருப்ப இயலாது. ஆதலின் நாடுகள் வெவ்வேறு வழியிற் சென்றன. சீனா 2021 செப்டெம்பரில் இத்தகைய கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் சட்டவிரோதம் என அறிவித்தது. அதே மாதத்தில் மத்திய அமெரிக்க நாடாகிய எல் சல்வடோர் பிட்கொயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கியது. சர்வதேச நாணய நிதியத்தின் கடனை நாடிய அந்நாடு, 2025 ஜனவரியில் தன் சட்டத்தைத் திருத்தி, அதை ஏற்றேயாக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது.

இந்தியாவில் நடந்தது நமக்கு அதிகம் கற்பிக்கக்கூடியது. 2018 ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கி, மறைகுறி நாணய வணிகருக்குச் சேவை வழங்கலாகாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. 2020 மார்ச் 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. நீதியரசர் வி. இராமசுப்பிரமணியன் எழுதிய அத்தீர்ப்பு, இதனை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு உண்டு என ஒப்புக்கொண்டது. ஆனால் தன் மேற்பார்வையிலுள்ள வங்கிகளுக்கு நேர்ந்த தீங்கு எதையும் காட்டாமல் ஒரு தொழிலின் உயிர்நாடியை அறுப்பது அளவுக்கு மிஞ்சிய செயல் என்றது. 2022இல் இந்திய அரசு இவ்வாதாயத்தின்மேல் 30 சதவீத வரி விதித்தது. வரி வந்தது, உரிமை வந்ததா என்ற வினா நின்றது.

அதற்கு விடை சென்னையிலிருந்து வந்தது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்னும் இந்தியப் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான நாணயங்கள் களவுபோயின. கணக்குகள் முடக்கப்பட்டன. நட்டத்தை வாடிக்கையாளர் அனைவர் தலையிலும் பங்கிடும் திட்டம் எழுந்தது. களவுபோனவற்றுள் தம் நாணயம் சேராத ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபரில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த ஆணை, மறைகுறி நாணயம் தொட்டுணரும் பொருளன்று, செல்லும் பணமுமன்று, எனினும் ஒருவர் உடைமையாகக் கொண்டு துய்க்கவும் பிறர்பால் நம்பிக்கைப் பொறுப்பாக ஒப்படைக்கவும் கூடிய சொத்தாகும் என்றது. மத்தியத்த வழக்கு முடியும்வரை அளிக்கப்பட்ட இடைக்காலப் பாதுகாப்பே அது. ஒரு நீதியரசரின் ஆணையே. ஆயினும் அதன் உட்பொருள் பெரிது. வாடிக்கையாளனின் நாணயம் கம்பெனி அவனுக்குப் பட்ட வெறுங்கடன் என்றால், கம்பெனி முறிந்ததும் அவன் கடன்காரர் வரிசையின் கடைசியில் நிற்பான். அது அவனுடைய சொத்து என்றால், வைத்திருப்பவன் காவலாளி. காவலாளி அதைப் பங்கிட முடியாது. அது காசா இல்லையா என்ற வினாவைத் தாண்டி, பேரேட்டை வைத்திருப்பவனின் கடமை யாது என்ற வினாவைச் சென்னை எழுப்பிற்று.

இலங்கையில் அவ்வினா எழவில்லை. மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் மக்களை எச்சரித்தது: இவை ஒழுங்குபடுத்தப்படாதவை, இவற்றை நடத்த எவருக்கும் உரிமம் வழங்கப்படவில்லை என்று. 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரை வங்கி அட்டைகளால் இவற்றை வாங்குவதைத் தடுத்தது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் நாணயம் வெளியிடும் தனியுரிமையை மத்திய வங்கியிடமே வைத்தது. சங்கிலித் தொடராக ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது; அவ்வாறு தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி 2023இல் வெளியிட்டது. இவை வேண்டியனவே. ஆனால் அட்டையின் கதவை அடைத்தபோது ஆசை அடங்கவில்லை. அறிமுகமில்லாத தரகனின் கையிற் காசைக் கொடுக்கும் புறவாசல் திறந்தது. ஏமாந்தவன் திரும்பி வந்தால், 'முன்பே எச்சரித்தோம்' என்பதே அவன் பெறும் விடை. எச்சரிக்கை வேறு, பாதுகாப்பு வேறு. மழை வரும் என்று சொல்வதால் ஒழுகும் தகரக்கூரை செப்பமாகிவிடாது.

ஆசை என்றோம்; அச்சொல் நீதியானதன்று. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என நிர்ணயமாயிற்று. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 5 டொலர். 2022இல் நாடு கடன் செலுத்த முடியாமல் முறிந்தபோது, அதே 1,000 ரூபா மூன்று டொலருக்கும் குறைந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைவாசிக் குறியீட்டின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. அரசின் முத்திரை தாங்கிய பணமே கையில் இருந்தபடி உருகிய காலத்தில், உருகாத பணம் ஒன்று உண்டு என்று எவனாவது சொன்னால் இளைஞன் செவிசாய்க்கமாட்டானா? அவனைப் பேராசைக்காரன் என்று ஏசுவது எளிது. சேமிப்பைக் காக்க இயலாத நாணயமும், வாழப் போதாத சம்பளமும் அவனை அந்தத் திரைக்கு முன் கொண்டுபோய் நிறுத்தின என்பதைச் சொல்லாமல் விடுவது குற்றம்.

துண்டுக் காலத்துக்கும் இக்காலத்துக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. அது நமக்குச் சாதகமானதன்று. அன்று சுரண்டியவனுக்கு முகம் இருந்தது. பங்களா எங்கே என்று தெரியும். கங்காணியின் வீடு எங்கே என்று தெரியும். சங்கம் அமைத்து எதிர்த்து நிற்க ஓர் இடம் இருந்தது. இன்றைய பேரேட்டுக்காரனுக்கு முகமில்லை, முகவரியில்லை, நாடில்லை. ஆதலின் அவனை முகவரியுள்ளவனாக்குவதே சட்டத்தின் முதற்கடமை. பிறருடைய நாணயத்தைக் கையேற்பவர் எவராயினும் பதிவுசெய்ய வேண்டும். வாடிக்கையாளரின் உடைமையைத் தம் உடைமையோடு கலக்கலாகாது. கணக்கைச் சுதந்திரமான தணிக்கைக்குக் காட்ட வேண்டும். முறிந்தால் முதலில் எளியோருக்கு விடைசொல்ல வேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் ஹற்றனிலும் மஸ்கெலியாவிலும் வசதி வேண்டும். எச்சரிக்கை அறிவித்தல்கள் தலைநகரப் பத்திரிகைகளோடு நின்றுவிடாமல் பிரட்டுக்களம்வரை வந்து சேரவேண்டும்.

ஆசிரியரான நமக்கும் கடமை உண்டு. வட்டிக் கணக்கைப் பாடநூலில் உள்ளபடி கற்பித்துவிட்டு நாம் அமைகிறோம். சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, அதிற் கழிக்கப்பட்டவை எவை, ஊழியர் சேமலாப நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, அடகுக் கடையின் வட்டி ஆண்டுக்கு என்ன வீதமாகிறது என்று எத்தனை வகுப்பறைகளில் நாம் கேட்டிருக்கிறோம்? சம்பளச் சீட்டை வினவப் பழகிய பிள்ளை, திரையில் வளரும் எண்ணையும் வினவும்.

அந்த இளைஞனின் கேள்விக்கு அன்று நாம் உடனே விடை சொல்லவில்லை. இன்று சொல்கிறோம். தம்பி, நீ தொலைத்தது காசுதான். உன் உழைப்பும் உன் தாயின் தோடும் காசாகி, பிறனொருவன் பேரேட்டில் ஏறி மறைந்தன. இனி எவனாவது புதிய பணம் என்று ஒன்றை உன்முன் நீட்டினால், அது என்ன பெறும் என்று கேட்பதற்கு முன்னர், அதன் பேரேடு யார் கையில் இருக்கிறது, அவனை எந்த நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்று கேள். உன் பாட்டன் அக்கேள்வியைக் கேட்கும் உரிமையைப் பெறவே ஒரு தலைமுறை போராட வேண்டியிருந்தது. அதை உரக்கக் கேட்கும் கூட்டத்தில் நாமும் உன்னோடு நிற்போம்.